கம்பியில்லா இணையம்: சங்கத்துக்கு ஏற்ற தரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

(போளூர் வட்டாரக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நெசவாளர் ஒருவரிடம் சென்று, "நூலில் உயர்ந்த நம்பர் எது? அதையே வாங்கித் தருகிறேன்" என்று கூறினால் அவர் நகைப்பார். "என்ன துணி நெய்வதற்கு?" என்பதே அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியாக இருக்கும். 20-ஆம் நம்பர் நூல் போர்வைக்கு உரியது. 100-ஆம் நம்பர் நூல் மெல்லிய வேட்டிக்கு உரியது. நம்பர் ஏறினால் நூல் மெலியும் என்பதன்றி, எல்லாத் துணிக்கும் அதுவே சிறந்தது என்பது பொருளன்று. இவ்வுண்மையைத் தறியில் அமர்ந்து நன்கு அறிந்த நாம், சங்கத்துக்குக் கம்பியில்லா இணையக் கருவி வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். "புதியது எது? பெட்டியின்மேல் பெரிய எண் எழுதியிருப்பது எது?" என்று கேட்டு வாங்கி வருகிறோம்.

இணையம் இன்று சங்கங்களுக்கு அலங்காரப் பொருள் அன்று. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஏற்றது. நெசவாளர் சங்கங்களும் சரக்கு, சேவை வரிக் கணக்கை இணையத்தின் வழியே செலுத்துகின்றன. வெளியூர் வியாபாரிக்குப் புடவையின் கரையையும் முந்தானையையும் கைப்பேசியில் காட்டி விற்கின்றன. ஆதலின் இணையம் நின்றால் பேரேடு நிற்கிறது. பேரேடு நின்றால் உறுப்பினர் காத்து நிற்கிறார்.

அவ்வாறு காத்து நின்ற நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன்.

பிழையில் எனக்கும் பங்குண்டு

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்துச் சங்கம் ஒன்றில் நேர்ந்தது இது. சங்கத்தின் பெயர் வேண்டா. ஜவ்வாது மலையிலிருந்து உறுப்பினர்கள் கொண்டுவரும் விளைபொருளை எடை போட்டு, கணினியில் பதிந்து, சீட்டு அச்சிட்டுத் தருவது அங்கு வழக்கம். மாசி மாதத்தில், புளி வரத்து மிகுந்திருந்த ஒரு நாள், காலை பத்து மணிக்கெல்லாம் இணையம் தடுமாறத் தொடங்கிற்று. பதிவு ஏறவில்லை. முதல் பேருந்தில் இறங்கி வந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, தராசு சரியாத்தானே நிக்குது, சீட்டு மட்டும் ஏன் வரலே?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா, நெட்டு வரலை" என்பதே செயலாளரின் விடையாக இருந்தது. மாலை வரையிலும் அதே விடை. கடைசிப் பேருந்தும் போயிற்று. பதினொரு பேர் அன்றிரவு சங்கத்தின் திண்ணையில் படுத்துறங்கினர்.

மறுநாள் நான் சென்று பார்த்தேன். முன்னறையில் எட்டு ஆண்டெனாக்களுடன் விலையுயர்ந்த புதிய ரவுட்டர் ஒன்று இருந்தது. எடைக் கணினியோ பின்னறையில். இரண்டுக்கும் இடையே இரண்டடிக் கருங்கல் சுவர். சுவரை ஒட்டி இரும்புப் பீரோ. கணினி பழையது, புதிய கருவியின் வேகமான அலைவரிசை அதற்குப் புரியாது. இருபத்தைந்து மீட்டர் கம்பி ஒன்றை வாங்கிச் சுவரைச் சுற்றி இழுத்துக் கணினியில் செருகினோம். சில நூறு ரூபாய்ச் செலவில் பதிவு ஓடத் தொடங்கிற்று.

அந்த ரவுட்டருக்கான செலவுச்சீட்டை ஆறு மாதங்களுக்கு முன் ஆய்வு செய்தவன் நானே. மூன்று விலைப்புள்ளிகள் இருந்தனவா என்று பார்த்தேன், இருந்தன. நிர்வாகக் குழுவின் தீர்மான எண் இருந்ததா என்று பார்த்தேன், இருந்தது. "இது எதற்காக, எந்த அறைக்கு, எந்தக் கணினிக்கு?" என்று மட்டும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்கும் முறையைக் கற்பிப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

தரம் என்பது யாது?

இரு கருவிகள் காற்றின் வழியே பேச வேண்டுமாயின், எந்த அலைவரிசையில், எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் பேசுவது என்பதில் இரண்டும் உடன்பட வேண்டும். அவ்வுடன்படிக்கையே தரம். வைஃபை எனப்படும் முறைக்கான தரங்களை மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக நிறுவனமான ஐ.இ.இ.இ. 802.11 என்ற வரிசையில் வகுத்துள்ளது. 1997-இல் வந்த முதல் தரம் விநாடிக்கு 2 மெகாபிட் வேகமே உடையது. 1999-இல் 'பி' என்ற தரம் 11 மெகாபிட்டும், 2003-இல் 'ஜி' என்ற தரம் 54 மெகாபிட்டும் தந்தன. 2009-இல் 'என்', 2013-இல் 'ஏசி', 2021-இல் 'ஏஎக்ஸ்' ஆகியவை நிறைவுபெற்றன. இவ்வெழுத்துக்கள் வாங்குவோரைக் குழப்பியமையால், வைஃபை கூட்டமைப்பு 2018-இல் எளிய எண்களை இட்டது. 'என்' என்பது வைஃபை 4. 'ஏசி' என்பது வைஃபை 5. 'ஏஎக்ஸ்' என்பது வைஃபை 6. வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024-இல் தொடங்கிற்று.

இவை செல்லும் அலைவரிசைகளையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதன் பாதை குறுகலானது. ஒன்றன்மேல் ஒன்று படாமல் மூன்று தடங்களே அதில் அமையும். பக்கத்துக் கடையின் ரவுட்டரும் கம்பியில்லா ஒலிப்பெருக்கியும் அதே பாதையில் நெருங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பாதை அகலம், வேகம் மிகுதி. ஆனால் தடித்த சுவர் அதை எளிதில் தடுத்துவிடும். வைஃபை 4 இவ்விரண்டிலும் செல்லக்கூடியது எனினும், விலை குறைந்த பழைய கணினிகள் பல 2.4-ஐ மட்டுமே அறியும். வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் உரியது. வைஃபை 6 இரண்டிலும் செல்லும்.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் வழி செய்யப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பகுதி 2018 அக்டோபரில் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியாயின. வைஃபை 7 கருவிகளின் பெருமையில் பெரும்பகுதி இந்த 6 கிகாஹெர்ட்ஸைச் சார்ந்தது; அவ்வலையோ சுவரைக் கண்டால் 5-ஐக் காட்டிலும் அஞ்சுவது. சிறிய சங்கம் இதற்காக மிகைப்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: ஏரியில் எவ்வளவு தண்ணீர் உள்ளது?

மூன்று மாதத் தண்ணீரே உள்ள ஏரியை நம்பி ஐந்து மாத நெல்லை நடுவார் இல்லை. சங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பே நமது ஏரி. வைஃபை அதிலிருந்து பிரியும் வாய்க்கால். வரும் இணைப்பு விநாடிக்கு 30 மெகாபிட் என்றால், 3,000 என்று எழுதிய ரவுட்டரும் வெளியுலகோடு பேசுவதற்கு 30-க்கு மேல் தராது. மேலும், பெட்டியின்மேல் உள்ள எண் எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டி எழுதியது. ஒரு கைப்பேசிக்கோ கணினிக்கோ அதில் பாதி கிடைப்பதும் அரிது.

முதலில் கணினியைக் கம்பியால் நேரே இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பிறகு அதே கணினியை மேசையில் வைத்துக் கம்பியின்றி அளக்க வேண்டும். முதல் அளவே குறைவாயின் குறை இணைப்பில். ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் சரிந்தால்தான் குறை வைஃபையில்.

தேவையையும் கணக்கிடுதல் வேண்டும். படத்துடன் பேசும் அழைப்பு ஒன்றுக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை போதும். கணக்குப் பதிவுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் வேண்டுவது அதனினும் மிகக் குறைவு. அவற்றுக்குத் தேவை வேகம் அன்று, இடையறாமை.

இரண்டாம் கேள்வி: இடையில் நிற்பது என்ன?

செங்கல் சுவர், கருங்கல் சுவர், இரும்பு அலமாரி, நூல் மூட்டை அடுக்கு, நீர்த்தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் அலையை ஒவ்வோர் அளவில் விழுங்கும். ரவுட்டரை மூலையிலோ பீரோவின் பின்னாலோ வைத்தல் ஆகாது. நடுவில், ஆளுயரத்துக்கு மேல் வைத்தல் நன்று. ஒரு கருங்கல் சுவருக்கு அப்பால் இருக்கும் அறைக்குப் புதிய தரத்தைத் தேடுவதைவிட, கம்பி இழுத்து அங்கே இரண்டாவது சிறு கருவி ஒன்றை வைப்பதே சிக்கனம். இடம் பெயராத கணினி, அச்சுப்பொறி, காமிரா ஆகியவற்றைக் கம்பியிலேயே இணைக்கலாம். காற்று, இடம் பெயரும் கருவிகளுக்கு மட்டும் எஞ்சட்டும்.

மூன்றாம் கேள்வி: கேட்கும் கருவிகள் எவை, எத்தனை?

இரண்டு பேர் பேசும்போது இருவருக்கும் தெரிந்த மொழியில்தான் பேச முடியும். ரவுட்டர் வைஃபை 7 ஆயினும், கணினி வைஃபை 4 ஆயின் பேச்சு வைஃபை 4-இல்தான் நடக்கும். அன்றியும், மெதுவாகப் பேசும் பழைய கருவி காற்றை நெடுநேரம் பிடித்துக்கொள்வதால், பிற கருவிகளும் தத்தம் முறைக்குக் காத்திருக்க நேரும். ஆதலின் புது ரவுட்டர் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பழைய கணினியில் செருகும் சிறு வைஃபை துண்டை மாற்றுவது சில வேளை மிகுபயன் தரும்.

வைஃபை 6-இன் தனிச்சிறப்பும் இங்கேதான் உள்ளது. முந்திய தரங்களில் ஒரு முறைக்கு ஒரு கருவியே பேசும். ஒரு மூட்டைக்கு ஒரு லாரி ஓட்டுவது போன்றது அது. வைஃபை 6, ஒரே நடையில் பல உறுப்பினர்களின் சிறு மூட்டைகளை ஏற்றிச் செல்லும். பட்டுவாடா நாளில் பத்துப் பதினைந்து கைப்பேசிகள் ஒரே அறையில் கூடும் சங்கத்துக்கு இது உண்மையான நன்மை. எனினும் அந்நன்மை, கைப்பேசிகளும் வைஃபை 6 அறிந்தவையாக இருந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும்.

மூன்று வகைச் சங்கங்களுக்கு மூன்று விடைகள்

ஓர் அலுவலகமும் விற்பனைக் கூடமும் மட்டும் உடைய நெசவாளர் சங்கத்துக்கு, இரு அலைவரிசைகளும் உள்ள சாதாரண வைஃபை 6 ரவுட்டர் ஒன்று போதும். அச்சுப்பொறி போன்ற பழைய கருவிகளை 2.4-இலும், வியாபாரிக்குப் புடவை காட்டும் கைப்பேசியை 5-இலும் இணைக்கலாம். நன்றாக ஓடும் வைஃபை 5 கருவி ஏற்கெனவே இருந்தால், அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கத் தேவையில்லை.

சாலைக்கு அப்பால் கிடங்கு உள்ள விளைவிப்போர் சங்கத்துக்கு, அறைக்கான ரவுட்டர் எவ்வளவு பெரியதாயினும் பயன்படாது. இரு கூரைகளிலும் ஒன்றையொன்று நேராக நோக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் திசை ஆண்டெனாக்கள் இரண்டை நிறுவ வேண்டும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுமட்டும் போதாது, ஒரு கிலோமீட்டர் தொலைவாயின், நடுவழியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி தடையின்றி இருத்தல் வேண்டும். கோடையில் இலையுதிர்ந்த மரத்தின் வழியே ஓடிய இணைப்பு, மழைக்காலத்தில் தழை நிறைந்து நனைந்ததும் நின்றுபோவது இதனாலேயே. இடிதாங்கியும் நல்ல நிலத்தொடர்பும் இன்றிக் கூரையில் ஆண்டெனாவை நிறுத்துதல் கூடாது.

மூன்றாவது வகை, மலைமேல் உள்ள கொள்முதல் நிலையம். கம்பி இணைப்பு எட்டாத இடத்தில், எந்த நிறுவனத்தின் கைப்பேசி அலை நிலையாகக் கிடைக்கிறது என்பதை ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை மூவேளையும் குறித்துப் பார்த்து, அதன் சிம் கார்டு ஏற்கும் 4ஜி ரவுட்டரை வைப்பதே வழி. இணையம் அற்ற நேரத்திலும் எடையைப் பதிந்து சீட்டுத் தந்துவிட்டு, பின்னர் மேலே ஏற்றும் முறையும் உடன் வேண்டும். எந்தத் தரத்தை வாங்கினாலும் இம்முறை இல்லையேல், திண்ணையில் மீண்டும் உறுப்பினர் படுக்க நேரும்.

தேனி கற்பித்த பாடம்

மலையும் சிற்றூர்களும் சூழ்ந்த தேனி மாவட்டத்தில் 2000-களின் நடுவில் நடந்த முயற்சி ஒன்று நாம் அறியத்தக்கது. அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சிற்றூர்க் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு வைஃபை வழியே இணைத்தனர். நோயாளி தம் ஊருக்கு அருகிலேயே இருந்து, தேனியில் உள்ள மருத்துவரோடு திரையில் முகம் பார்த்துப் பேசினார்.

அவர்கள் எடுத்துக்கொண்டவை கடையில் கிடைக்கும் மலிவான வைஃபை கருவிகள். ஆனால் அத்தரம் ஓர் அறைக்கும் கட்டடத்துக்கும் வகுக்கப்பட்டது. ஒன்றை அனுப்பியதும் "பெற்றேன்" என்ற விடையை அது மிகச் சிறு நேரமே எதிர்பார்க்கும். தொலைவு மிகுந்தால் விடை தாமதமாக வரும். அதற்குள் செய்தி தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். இருபுறமும் ஒரே வேளையில் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. ஆய்வாளர்கள் கருவியை மாற்றாமல் பேசும் ஒழுங்கை மட்டும் மாற்றி, இன்ன நேரம் இவர், இன்ன நேரம் அவர் என்று முறை வைத்தனர். 2007-இல் வெளியான அவர்களது ஆய்வுரையின்படி, இதனால் செய்தி செல்லும் அளவு இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. தரம் நல்லதா தீயதா என்பதைவிட, அது எந்த வேலைக்காக வகுக்கப்பட்டது என்பதே முதன்மை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அம்முயற்சி மற்றொன்றையும் காட்டிற்று. கருவிகளைக் கெடுத்ததில் முன்நின்றது ஏறி இறங்கும் மின்னழுத்தம். பழுதைக் கண்டறியத் தெரிந்தவர் உள்ளூரில் இல்லையேல் சிறு குறையும் பல நாள் நீடித்தது. ஆகவே ரவுட்டருக்கு ஒதுக்கும் பணத்தோடு, மின்கலத் தாங்கி ஒன்றுக்கும், ஊழியர் ஒருவரின் பயிற்சிக்கும் சேர்த்தே ஒதுக்குதல் வேண்டும்.

நிலைப்பதும் நிலையாததும்

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரச் சிற்றூர்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்தது. அந்நாளில் அது பெருந்தொண்டு. அதன்பின் வைமாக்ஸ் என்ற தரம் நாடெங்கும் பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டையும் 4ஜி முதலிய கைப்பேசித் தரங்கள் பின்தள்ளிவிட்டன. அத்தரங்களில் குறை உண்டு என்பது இதன் பொருளன்று. ஒரு தரத்தை எத்தனை நிறுவனங்கள் செய்கின்றன, மாற்றுக் கருவி பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதும் தேர்வின் ஒரு பகுதி என்பதே கருத்து. ஒரே நிறுவனம் மட்டும் செய்யும் அரிய கருவி, அந்நிறுவனம் கைவிட்ட அன்றே பழைய இரும்பாகிவிடும்.

காவலும் தரத்தைச் சார்ந்ததே. டபிள்யு.இ.பி. என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டது. அது மட்டுமே உள்ள கருவியைச் சங்கத்தில் வைத்தல் ஆகாது. டபிள்யு.பி.ஏ. 2 அல்லது 2018-இல் வந்த டபிள்யு.பி.ஏ. 3 இருத்தல் வேண்டும். கடைச்சொல்லாகப் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. வருவோர் போவோருக்குத் தனி இணைப்புப் பெயர் கொடுத்து, பேரேடு உள்ள கணினியிலிருந்து அதைப் பிரித்து வைக்க. உறுப்பினரின் பணம் இருக்கும் பெட்டிக்கு நாம் இரட்டைப் பூட்டு இடுவதில்லையா?

தீர்மானத்தில் எழுதவேண்டியவை

இனி இத்தகைய செலவைக் குழுவின் முன் வைக்கும்போது, விலைப்புள்ளிகளோடு ஐந்து வரிகள் சேர்க்குமாறு செயலாளர்களை வேண்டுகிறேன். ஒன்று, வரும் இணைப்பின் அளந்த வேகம். இரண்டு, கருவிகளின் எண்ணிக்கையும் அவை அறிந்த தரமும். மூன்று, அறைகளும் சுவர்களும் காட்டும் சிறு வரைபடம். நான்கு, மின்சாரத்துக்கும் இடிக்கும் செய்த காப்பு. ஐந்து, பழுது பார்க்கப் பொறுப்பேற்கும் ஊழியர். இவ்வைந்தும் இல்லாத செலவுச்சீட்டை நான் இப்போது கேள்வியின்றி விடுவதில்லை. என்னிடமும் எவரேனும் இக்கேள்விகளை முன்பே கேட்டிருந்தால், அந்தப் பதினொரு பேரும் அன்றிரவு தம் வீட்டில் உறங்கியிருப்பர்.

உறுப்பினர் கல்வி வகுப்புக்கான வினாக்கள்

1. நம் சங்கத்துக்கு வரும் இணைப்பின் வேகத்தைக் கம்பியிலும் கம்பியின்றியும் அளந்து இரண்டையும் ஒப்பிடுக.

2. நம் கணினிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அறிந்தவை எத்தனை? கம்பியில் இணைக்கத் தக்கவை எவை?

3. இணையம் ஒரு நாள் முழுதும் இல்லையாயின், விளைபொருளோடு வரும் உறுப்பினருக்கு அன்றே சீட்டுத் தருவது எவ்வாறு? குழுவில் கலந்து முடிவெழுதுக.